மஞ்சள் தாளில் ஒரு பெயர்

லைம்ஹவுஸ் ரயில் பாலத்துக்குக் கீழே வானை நிறுத்திவிட்டு இறங்கியபோது சுபாஸ்கரனின் மூக்குக்கு முதலில் எட்டியது ஊதுபத்தி வாசனை. கோயில் கண்ணில் படவில்லை. பண்டகசாலைகளாக இருந்து பிறகு வீடுகளாகிவிட்ட செங்கல் கட்டடங்கள் இரண்டு பக்கமும் நெருக்கி நிற்க, நடுவில் ஒரு சந்து. வெயில் அதற்குள் இறங்காமல் மேல்மாடி ஜன்னல்களோடு நின்றுவிட்டது.

"அண்ணை, இதுக்குள்ளயோ கோயில்? எனக்கெண்டா கள்ளச் சரக்கு இறக்கிற இடம் மாதிரிக் கிடக்கு" என்றான் கிறிஸ்துராஜா. கரண்ட் வேலைக்காரன். தோர்ண்டன் ஹீத்தில் சுபாஸ்கரனோடு ஒரே வீட்டில் இருப்பவன்.

"வாயை மூடிக்கொண்டு வயர் பெட்டியைத் தூக்கு."

2009ஆம் ஆண்டு மே மாதம் பதினோராம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டு மணி. சந்தின் முடிவில் அது நின்றது. நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய சீன மாலுமிகள் தங்கள் கடல் அன்னைக்குக் கட்டிய தாவோக் கோயில். பச்சை ஓட்டுக் கூரை, இரண்டு முனையிலும் தோணியின் அணியம் போல மேலே வளைந்திருந்தது. கதவுப் பலகைகளில் வாள் பிடித்த இரண்டு காவல் தெய்வங்கள் ஆளுயரத்துக்குத் தீட்டப்பட்டிருந்தன. தேம்ஸ் ஈரத்தில் ஒருவரின் தாடியும் மற்றவரின் ஒரு கண்ணும் உரிந்து போயிருந்தன. கதவுக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு குறுக்குக் கட்டை. அதுதான் வாசற்படி. அது உளுத்துவிட்டது. அதைக் கழற்றிப் புதியது போடத்தான் தச்சனான சுபாஸ்கரனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்ஸிஸ் லாவ் உள்ளே நின்று கையை உயர்த்தினாள். ஐம்பது வயதிருக்கும். காலில் ரப்பர் பூட்ஸ். மூவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம்தான்.

"மிதிக்க வேண்டாம். காலைத் தூக்கித் தாண்டி வாருங்கள்."

தாண்டினார்கள். உள்ளே வந்ததும் வழியை மறித்து ஒரு சுவர். கதவுக்கு நேரே, நாலடி தள்ளி, தனியாக நின்றது. ஆறடி அகலம். அதைச் சுற்றிக்கொண்டுதான் முற்றத்துக்குப் போகவேண்டும்.

"இது ஏன் நடுவழியில்?" என்று கிறிஸ்துராஜா கேட்டான்.

"இறந்தவர்களுக்காக" என்றாள் அவள், மழைக்காகக் குடை என்பதைப் போல. "அவர்களால் காலைத் தூக்க முடியாது. அதற்குப் படி. நேராக மட்டும்தான் நடப்பார்கள், திரும்பத் தெரியாது. அதற்குச் சுவர்."

கிறிஸ்துராஜா தமிழில் முணுமுணுத்தான்: "திரும்பத் தெரியாதாம். எங்கட மினிகாப் ஓட்டுற செல்வத்தாரைப் போல. அந்தாளும் நேர போய் பிரைட்டனில நிண்டுதான் போன் அடிக்கும்."

சுபாஸ்கரன் சிரித்துவிட்டான். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. உடனே கை சட்டைப் பையைத் தொட்டது. போன் இருந்தது. அடிக்கவில்லை.

சுவரைச் சுற்றியதும் வானத்துக்குத் திறந்த சின்ன முற்றம். மழைத் தண்ணீர் நாலு கூரையிலிருந்தும் அதற்குள்தான் விழும். முற்றத்துக்கு அப்பால் பெரிய மண்டபம். தூண், உத்திரம், கைமரம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி நின்றன. ஓர் ஆணிகூட இல்லை. சுபாஸ்கரன் வாய் திறந்து அண்ணாந்து பார்த்தான். இரண்டு பக்கமும் இரண்டு அறைகள், கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. நடுவில், புகை பிடித்துக் கறுத்த முகத்தோடு, மணிமுடி தரித்து, கடல் அன்னை அமர்ந்திருந்தாள்.

"உங்கட வற்றாப்பளை அம்மாளுக்குத் தங்கச்சி போல" என்றான் கிறிஸ்துராஜா. அவன் வேதக்காரன், கிறிஸ்தவன். ஆனாலும் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

வற்றாப்பளை என்ற ஊர்க் கோயிலின் பெயரைக் கேட்டதும் சுபாஸ்கரன் நெஞ்சில் வந்து நின்றவள் நகுலேஸ்வரி.

அவன் மனைவி. சமாதான காலத்தில் ஜெர்மனியிலிருந்து போய்ப் புதுக்குடியிருப்பில் கட்டினான். ஐம்பத்திரண்டு நாட்கள் ஒன்றாக இருந்தார்கள். பிறகு அவன் லண்டன் வந்தான். அவளுக்கு விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது. சிறுவயதில் ஷெல் பட்டு அவளுடைய வலது கை விளங்காது. எல்லாம் இடது கையால்தான். எழுதும்போது கையின் ஓரம் மையில் தேய்ந்து, ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் நீலமாக ஒரு நிழல் விழும். இரண்டு கண்ணாடிக் காப்பும் அந்த இடது கையில்தான். வெள்ளிக்கிழமைகளில் அவன் பெயருக்கும் அவிட்ட நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்யாமல் அவள் சாப்பிட்டதில்லை.

கடைசியாக ஏப்ரல் பதினொன்றில் பேசினாள். முள்ளிவாய்க்கால் பக்கம் கடற்கரை மணலில் பதுங்குகுழி. "இஞ்சேருங்கோ, நீங்கள் ஒழுங்காச் சாப்பிடுறீங்களோ?" என்று கேட்டாள். அதோடு லைன் அறுந்தது.

செவ்வாய்க்கிழமை சுபாஸ்கரன், சுவருக்கு மேலாக உள்ளே தெரியும் உயரத்தில், ஏணியில் நின்று கதவுக் கீல்களைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு சீனப் பெண் வந்தாள். மேற்கு அறைக்குள் போய், ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு, ஒரு மஞ்சள் தாளைச் சுவரில் ஒட்டினாள். பிறகு ஒரு பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டு அழுதாள். அந்தச் சுவர் முழுக்க மஞ்சள் தாள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். முன்னால் விளக்கு, தோடம்பழம். கொஞ்ச நேரத்தில் அவள் வாசலடிக்கு வந்து நின்றுவிட்டு, வலது கையை நீட்டியபடி மெல்ல மெல்ல மறிப்புச் சுவரைச் சுற்றி மறுபடி உள்ளே போனாள். எதையோ மறந்துவிட்டாள் போல என்று அவன் நினைத்தான்.

பெயர் சொல்லி அழுது வேண்டுவது அவனுக்குப் புதிதல்ல. இதுவும் அர்ச்சனைதான். இந்த ஊர் அம்மாளுக்கு ஐயர் இல்லை. பெயரை நாங்களே எழுதி நாங்களே சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை உளுத்த கட்டையைக் கழற்றினான். கையோடு பொடியாக வந்தது. புதிய தேக்கு வர இரண்டு கிழமை ஆகும் என்று மரம் வாங்கும் மரக்காலையில் சொல்லிவிட்டார்கள். அதுவரை வாசல் தரையோடு தரையாகத் திறந்து கிடந்தது.

கையைக் கழுவிவிட்டு மிஸ்ஸிஸ் லாவிடம் போனான். அவள் போனில் யாரோடோ வாதாடிக்கொண்டிருந்தாள்.

"நானும் ஒரு பெயர் எழுதலாமா?"

அவள் போனைப் பொத்திக்கொண்டு மேசை லாச்சியைக் காட்டினாள். "எடு. கடல் அன்னை எல்லாருக்கும் பொது."

லாச்சிக்குள் இரண்டு கட்டுகள். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். சிவப்பை அவன் விரல் தொடவே இல்லை. அந்த மாதங்களில் டிவியிலும் இணையத்திலும் பார்த்த சிவப்பு அவனுக்குப் போதும். மஞ்சள், தாலிக்கொடியின் நிறம். சுமங்கலிக்கு வேறு எந்த நிறத்தில் எழுதுவது?

தச்சுப் பென்சிலால் எழுதினான். நகுலேஸ்வரி, உத்தரட்டாதி. மேற்கு அறையில் வெற்றிடம் பார்த்து ஒட்டினான். ஊதுபத்தி பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெண் செய்தது போலவே, மூன்று தடவை கூப்பிட்டான்.

"நகுலேஸ்வரி… நகுலேஸ்வரி… நகுலா!"

மண்டபத்துக் கடிகாரத்தில் பத்தே முக்கால்.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. கிறிஸ்துராஜா பியூஸ் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். மிஸ்ஸிஸ் லாவ் மாடியில். சுபாஸ்கரன் முற்றத்து ஓரமாக இருந்து மரம் சீவிக்கொண்டிருந்தான். நாலு கூரையிலிருந்தும் தண்ணீர் ஒரே சீராகக் கொட்டியது.

முதலில் வந்தது வாசனை.

ஊதுபத்தி அல்ல. தேம்ஸின் சேற்று நாற்றமும் அல்ல. உப்புத் தண்ணீரில் நனைந்த மணல். அதோடு, எரிந்து அணைந்த பனையோலை.

சீவுளியை நிறுத்தினான்.

கிணிங்.

கண்ணாடி கல்லில் படும் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

கிணிங்… கிணிங்.

யாரோ ஒரு கையால் சுவரைத் தடவுகிறார்கள். இருட்டில் ஆணியில் தொங்கும் பூட்டுத் திறப்பைத் தேடுவது போல. இடமிருந்து வலம் போகிறது. திரும்பி வருகிறது. சுவரின் ஓரம் வரை வருவதில்லை. அதற்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடுகிறது.

"ஆர் அது?"

சத்தம் நின்றது. மழைச் சத்தமும் நின்றது போல இருந்தது.

அவன் எழுந்து சுவரைச் சுற்றிப் போனான். ஒருவரும் இல்லை. திறந்த கதவு, சந்து, மழை. ஆனால் சுவரின் வெளிப்பக்கத்தில், ஒரு பெண்ணின் நெற்றி உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரப்புள்ளி. அதற்குக் கீழே தரையில் கொஞ்சம் மணல்.

வெள்ளை மணல்.

அடுத்த இரண்டு கிழமையில் ஊரில் சண்டை எல்லாம் முடிந்துவிட்டது. போரை நிறுத்தச் சொல்லி லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் றோட்டில் இருந்த சனம் கொடிகளைச் சுருட்டிக்கொண்டு அழுதது. சுபாஸ்கரன் காலையில் வேலைக்குப் போவான், பின்னேரம் பட்டியல்களில் பெயர் தேடுவான். எந்தப் பட்டியலிலும் நகுலேஸ்வரி இல்லை. செத்தவர்களிலும் இல்லை, முகாமிலும் இல்லை. மழை பெய்த நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் காப்புச் சத்தம் கேட்டது. ஈரப்புள்ளி காயவே இல்லை.

"பைப் எங்கயோ லீக் அண்ணை" என்றான் கிறிஸ்துராஜா. ஆனால் அதற்குப் பிறகு அவன் தனியாக அந்தப் பக்கம் போகவில்லை. ஒருநாள் கழுத்துச் சிலுவையை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு வேலை செய்தான்.

இருபத்தெட்டாம் தேதி, வியாழன், போன் அடித்தது. தெரியாத நம்பர். சுபாஸ்கரன் முற்றத்து நடுவில் நின்றபடி எடுத்தான்.

"தம்பி, நான் பாலாம்பிகை. நகுலாவோட ஒரே பங்கருக்க இருந்தனான். செட்டிகுளம் முகாமில இருந்து ஒளிச்சுக் கதைக்கிறன், கனநேரம் ஏலாது."

"அக்கா… அவ?"

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது.

"அக்கா, சொல்லுங்கோ. நகுலா எங்க?"

"எங்களை விட்டுப் போட்டாள், தம்பி. வெளிக்கிட்டு ஓடி வந்தனாங்கள். கடனீரேரிக் கரை, இடுப்பளவு தண்ணி. எனக்கு முன்னால நல்லாத்தான் ஓடினவள். சரியா நடுவில நிண்டிட்டாள். ஓடடி, ஓடடி எண்டு நான் கையைப் பிடிச்சு இழுக்கிறன். அசையிறாளில்லை. திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள், தம்பி."

"ஏன் நிண்டவ?"

"'அக்கா, இவர் கூப்பிடுறார்' எண்டாள். 'கேக்கேல்லையோ? மூண்டு தரம் கூப்பிட்டவர்' எண்டாள். அவ்வளவுதான். ஷெல் விழுந்தது."

சுபாஸ்கரனுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "எண்டைக்கு?"

"பதினாலாம் தேதி, வியாழன். மத்தியானம் திரும்பி மூண்டு, மூண்டேகால் இருக்கும்."

லைன் போய்விட்டது.

ஊர் நேரம் மூன்றேகால். லண்டனில் பத்தே முக்கால்.

அவன் தரையில் இருந்துவிட்டான். மிஸ்ஸிஸ் லாவ் ஓடி வந்தாள். அவனால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மேற்கு அறையைக் கையால் காட்டினான். அவள் உள்ளே போய் அந்தத் தாளைப் பார்த்தாள். வெளியே வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"உயிரோடு இருந்தவளையா மஞ்சளில் எழுதினாய்?"

அவன் நிமிர்ந்தான்.

"சிவப்பு, உயிரோடு இருப்பவர்களுக்கு. அது கிழக்கு அறை. மஞ்சள், இறந்தவர்களுக்கு." அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "எங்கள் மாலுமிகள் எங்கெங்கோ கடலில் செத்தார்கள். வழி தெரியாமல் அலைவார்கள். பெயரை எழுதி மூன்று தடவை கூப்பிட்டால், எங்கே இருந்தாலும் கேட்டுவிட்டு இங்கே வருவார்கள்."

"நான் கூப்பிட்டன்" என்றான் சுபாஸ்கரன், தமிழில். "நான்தான் கூப்பிட்டன்."

அவளுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் புரிந்தது. பக்கத்தில் குந்தினாள்.

"கூப்பிட்டவர்தான் வாசலுக்குப் போய்க் கையைப் பிடித்துப் படியைத் தாண்டவைத்து, சுவரைச் சுற்றி அழைத்து வரவேண்டும். நீ கூப்பிட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டாய். பதினைந்து நாளாக அவள் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கிறாள்." வெற்று வாசலைக் காட்டி, "நாளைக்குப் படியைப் போட்டுவிடுவாய். பிறகு படிக்கும் சுவருக்கும் நடுவில் அவள் அடைபட்டுவிடுவாள்" என்றாள். எழுந்து மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலை ஆறு மணி இருக்கும். மே மாத வெயில் ஓட்டு விளிம்பில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. சுபாஸ்கரன் சுவரைச் சுற்றி வெளிப்பக்கம் போனான். ஈரப்புள்ளி இருந்தது. மணலும் அந்த வாசனையும் இருந்தன. அவன் ஈரப்புள்ளியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நகுலா" என்றான். "உதில நிண்டு என்ன செய்யிறீர்? இதில திரும்பவேணும். என்ர கையைப் பிடியும்."

வலது கையை நீட்டினான்.

பாலத்தில் ஒரு ரயில் போனது.

கை காற்றில் கிடந்தது.

பிறகு, சுண்டுவிரலில் ஒரு குளிர். ஈரமான, மணல் ஒட்டிய விரல்கள், ஒவ்வொன்றாக. இடது கை விரல்கள்.

கிணிங்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு காலடி. இன்னொன்று. சுவரின் ஓரம் வந்தபோது அந்தப் பிடி இறுகியது, தண்ணீரில் இறங்கப் பயப்படுபவள் போல. "பயப்பிடாதையும். நான் நிக்கிறன்" என்றான். சுற்றினார்கள். முற்றத்தின் ஓரமாக நடந்தார்கள். பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம் கூடவே வந்தது. அவர்கள் ஒன்றாக இருந்த ஐம்பத்திரண்டு நாட்களிலும் வெளியே கை கோத்து நடந்ததில்லை. சனம் பார்க்கும் என்று அவள் கையை இழுத்துக்கொள்வாள்.

மேற்கு அறைக்குள் வந்ததும் விரல்கள் விட்டுவிட்டன.

அவன் அங்கேயே நின்றான். இனி தோர்ண்டன் ஹீத்துக்குப் போய் என்ன செய்வது? அடுப்பை மூட்டுவதா? விசாக் கடதாசிகளை அடுக்கிவைப்பதா? லாச்சியைத் திறந்தான். ஒரு மஞ்சள் தாளை எடுத்தான். சுபாஸ்கரன், அவிட்டம். நகுலேஸ்வரிக்குப் பக்கத்தில் ஒட்டினான். ஊதுபத்தி கொளுத்தினான்.

"சுபாஸ்கரன்" என்று கூப்பிட்டான்.

விளக்குச் சுடர் தாழ்ந்தது.

"சுபாஸ்கரன்."

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து, வாசற்பக்கம் பார்த்து நின்றது போல இருந்தது. மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தான்.

"அண்ணை!" சந்திலிருந்து கிறிஸ்துராஜா கத்தினான். "வான் மஞ்சள் கோட்டில நிக்குது, வோர்டன் பைன் எழுதப்போறான்! கும்பிட்டது காணும், வாங்கோ!" உள்ளே வந்தவன் சுபாஸ்கரனின் முகத்தைக் கண்டான். சிலுவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவன் தோளைப் பிடித்தான். "அண்ணை, வீட்ட போவம். நான் சோறு போட்டுத் தாறன். வாங்கோ."

இழுத்துக்கொண்டு போனான்.

இரவு முழுவதும் கிறிஸ்துராஜா அறை வாசலில் கதிரை போட்டு இருந்தான். சுபாஸ்கரன் மனதுக்குள் ஒரே கணக்கு: இன்னும் ஒரு தடவை. ஒரே ஒரு தடவை.

வெள்ளிக்கிழமை காலை தேக்குக் கட்டையைக் கொளுவி இறுக்கினான். கைக்குப் பழகிய வேலை. பதினொரு மணிக்கு முடிந்துவிட்டது. உளியைக் கழுவி வைத்துவிட்டு, காலைத் தூக்கிப் படியைத் தாண்டி, சுவரைச் சுற்றி, மேற்கு அறைக்குப் போனான்.

நகுலேஸ்வரி என்ற தாள் இருந்தது. பக்கத்தில் இருந்த தாளைக் காணவில்லை.

ஒட்டிய பசையின் ஓரம் மட்டும் சுவரில் இருந்தது. தரையில் தேடினான். விளக்குக்குப் பின்னால் தேடினான். மிஸ்ஸிஸ் லாவிடம் கேட்டான்.

"மஞ்சளா? நான் தொடவில்லை" என்றாள். பிறகு அவனை விநோதமாகப் பார்த்தாள். "ஆனால் கிழக்கு அறையில் உன் மொழியில் ஒன்று இருக்கிறது. காலையில் சாமிக்குப் பழம் வைக்கும்போது பார்த்தேன். நேற்று நீ எழுதியதுதானே?"

கிழக்கு அறைக்கு அவன் அதுவரை ஒருநாளும் போனதில்லை. சுவர் முழுக்கச் சிவப்புத் தாள்கள். நடுவில் ஒன்று, மற்றவற்றைவிடக் கருஞ்சிவப்பாக. ஈரம். கீழ்விளிம்பிலிருந்து ஒரு துளி தரையில் விழுந்தது.

அதில் நீல மையில், இடப்பக்கம் சரிந்த எழுத்தில் இருந்தது: சுபாஸ்கரன், அவிட்டம்.

ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால், கையின் ஓரம் தேய்த்த நீல நிழல்.

அவன் விரலால் தொட்டான். மை ஒட்டிக்கொண்டது.

"இஞ்சேருங்கோ" என்று யாரும் சொல்லவில்லை. முற்றத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கிறிஸ்துராஜா வாசலில் நின்று வயர் சுருட்டிக்கொண்டிருந்தான். இன்று வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் சுபாஸ்கரனுக்கு நினைவு வந்தது.

வெளியே போகக் காலைத் தூக்கியபோது கிறிஸ்துராஜா தலையை நிமிர்த்தி, அவனுக்குப் பின்னால், சுவரோரத்து இடைவெளியால் உள்ளே பார்த்தான். கையிலிருந்த வயர் நழுவி விழுந்தது.

"அண்ணை" என்றான் மெல்ல, "உள்ள ஆர் காப்புப் போட்டுக்கொண்டு நிக்கிறது?"